முடிவு தெரியாமல் ஒரு நாவல்: நாலரை வருடமும் 43,400 ரூபாயும்

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிட்சிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வீடு பேரணாம்பட்டில். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ், வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். இதற்கு நடுவில்தான் நாலரை வருடம் ஒரு நாவல் எழுதினேன். அதில் ஒன்றரை வருடம் முடிவு கிடைக்காமலே போனது. பணமாகச் சொன்னால் 43,400 ரூபாய் போனது. எங்கள் வீட்டிலோ தெருவிலோ நாவல் எழுதியவர் ஒருவரும் இல்லை. திட்டம் போடாமல் எழுத ஆரம்பித்துவிட்டேனே, இதை எப்படி முடிப்பது என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். எழுத எழுத வரும் என்றார்கள். வந்தது, பொய் சொல்லவில்லை அவர்கள். ஆனால் வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கிடைக்காதது இன்னொருவருக்காவது கிடைக்கட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கம்பெனியை மூடினார்கள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத கை. ஏப்ரல் மாதம் பையனின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில், சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சியை எழுதினேன். ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரையில் எங்கள் தாத்தா வீட்டுக்கு அடுத்த நிலத்துக்காரர் ஒரு கிழவர். விடிந்ததும் கிணற்றில் வாளியை விடுவார், ஒரு கை அள்ளி வாயில் வைப்பார், துப்பிவிட்டுப் போவார். தினமும் இதுதான். ஒரு காலத்தில் நெல்லுக்கும் தென்னைக்கும் பாய்ந்த கிணறு, தோல் பதனிடும் டேனரிகள் பெருகிய பிறகு உப்பாகிவிட்டது. உப்பு என்று தெரிந்தும் தினமும் எதற்கு நாக்கில் வைத்துப் பார்க்கிறார் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. எழுதும்போதும் தெரியாது. மறுநாள் எழுதியபோது கிழவருக்கு ஒரு மகன் வந்தான், டேனரியில் வேலை செய்கிறவன். அதற்கும் மறுநாள் அந்த மகன் தன் சம்பளத்தில் கேன் தண்ணீர் வாங்கி வந்து, ஒரு டம்ளரில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. டம்ளர் திண்ணையிலேயே இருந்தது. இது ஏழாம் பக்கம். இந்த டம்ளரை நான் பிறகு இரண்டரை வருடம் மறந்துபோனேன்.

கதைச் சுருக்கம் எழுதிக்கொள்ள வேண்டும், அத்தியாயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. வேண்டாம் என்றுதான் விட்டேன். கம்பெனியில் பாட்டர்ன் இல்லாமல் தோலில் கத்தி வைக்கவே கூடாது. வருஷக்கணக்கில் அதையே செய்துவிட்டு, விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை எனக்கென்று கிடைத்த நேரத்திலும் ஒரு பாட்டர்னை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. நாளைக்கு இவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் படுக்கப் போவதில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. ஜூனில் கம்பெனி திறந்த பிறகும் அது குறையவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பேன், சாப்பாட்டு நேரத்தில் போனில் இரண்டு வரி குறித்துக்கொள்வேன், விடியற்காலையில் எழுதிவிடுவேன். 150 பக்கம் இப்படியே ஓடியது. உங்களுக்கும் அப்படி ஓடுகிறது என்றால் யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதீர்கள். நான் திட்டம் போட்டு உட்கார்ந்திருந்தால் அந்த டம்ளர் வந்தே இருக்காது.

அதற்குப் பிறகு கதை நகரவில்லை. நகராத நாளிலெல்லாம் ஒரு புது ஆளைக் கொண்டு வந்தேன். மருமகள் வந்தாள், அவள் தம்பி வந்தான், காட்பாடி ஜங்ஷனில் டீ விற்கும் அவனுடைய சிநேகிதன் வந்தான், அவனுக்கு ஒரு காதலும் வந்தது. கிழவரின் முன்னோர் ஒருவர் 1806 ஜூலையில், சிப்பாய்க் கலகம் நடந்தபோது, வேலூர்க் கோட்டையில் சிப்பாயாக இருந்தார் என்று ஆரம்பித்து அறுபது பக்கம் எழுதினேன். அதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய் அகழியைச் சுற்றி நடந்து குறிப்பெடுத்தேன். 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கம் ஏரிகள் உடைந்து, பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதல்லவா, அதற்கும் ஒரு அத்தியாயம். தனித்தனியாகப் படித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் இன்னொரு கதையின் ஆரம்பம். இப்போது யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. அப்பாவையும் மகனையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துப் பேசவிட எனக்குப் பயம். நானும் என் அப்பாவும் ஆறு வருடம் பேசாமல் இருந்தவர்கள். அவர் போகும்வரை அது சரியாகவில்லை. அந்தப் பக்கம் கை போகாமல்தான் சிப்பாயிடமும் டீக்காரனிடமும் போயிருக்கிறேன். எனவே கதைக்குள் திடீரென்று ஒரு புது ஆள் நுழைந்தால் அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு, எந்தக் காட்சியை எழுதாமல் தள்ளிப் போடுகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் பதில் உடனே வந்திருக்கும், கேட்கத்தான் இல்லை.

திட்டம் இல்லாமல் எழுதுகிறவருக்குப் பின்னால் ஒரு கணக்கு வேண்டும். எழுதுவதற்கு முன்னால் வேண்டாம், எழுதி முடித்த பிறகு. ஒரு நாற்பது பக்க நோட்டு தனியாகப் போடுங்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் அதில் யார் எதற்கு ஆசைப்பட்டார்கள், முடியும்போது என்ன மாறியிருந்தது என்று இரண்டே வரி. மூன்றாவதாக, என்னென்ன பாதியில் நிற்கிறது என்று ஒரு வரி. நான் இதை 400 பக்கம் தாண்டிய பிறகு ஒரே மூச்சில் செய்தேன், பதினோரு நாள் ஆனது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. வயது, வருடக் கணக்கும் அதே நோட்டின் பின்பக்கத்தில் வேண்டும். என் கிழவர் இரண்டாம் அத்தியாயத்தில் 62, எட்டாம் அத்தியாயத்தில் 71, நடுவில் ஓடியது மூன்றே வருடம். அவர் மனைவி இரண்டு தடவை இறந்திருந்தாள். 1987-ல் அவர் வேலூர் மாவட்டக் கலெக்டரிடம் மனு கொடுக்கிறார் என்று எழுதியிருந்தேன், அப்போது இது வட ஆர்க்காடு மாவட்டம். 1989 செப்டம்பரில்தான் அதைப் பிரித்தார்கள். 2005-ல் அச்சான ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்’ என்று போட்டிருந்தேன், திருப்பத்தூர் மாவட்டம் வந்ததே 2019-ல். வெளியூர்க்காரர் கவனிக்காமல் போகலாம், ஆனால் நம் ஊர்க்காரர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

விஷயத்திலும் ஒரு பெரிய தப்பு இருந்தது. கிணறு கெட்டதற்கு எல்லாரும் சொல்வதுபோல், தோல் பதனிடப் போடுகிற குரோமியத்தையே காரணமாக வைத்து எழுதியிருந்தேன். டேனரியில் பிராசஸ் பார்க்கிற ஒரு அண்ணனிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “குரோம் ஒரு பக்கம் இருக்கட்டும்மா. கிணத்துல நாக்குக்குத் தெரியிறது உப்பு. அது எங்க இருந்து வருதுன்னு யோசிச்சியா?” என்றார். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. முதல் வேலையாகத் தண்ணீரில் ஊறப்போடும்போது அந்த உப்பெல்லாம் கரைந்து இறங்கிவிடும். குரோமியத்தைச் சுத்திகரிப்பில் வண்டலாகப் படிய வைத்துப் பிரித்துவிடலாம், கரைந்துபோன உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. தண்ணீரை ஆவியாக்குவது போன்ற வேறு வழிதான் பார்க்க வேண்டும், அதற்குச் செலவு அதிகம். பத்து நிமிடப் பேச்சுதான், நாவலின் பாதி அதில் மாறியது. அப்போதுதான் மகனுக்குத் தோலை உதறி ஊறப்போடுகிற வேலை கொடுத்தேன். அவன் கையில் எந்நேரமும் உப்பு. அப்பாவின் நாக்கில் இருக்கிற உப்பும் அதுதான். எந்தத் தொழிலைப் பற்றி எழுதினாலும் அந்தத் தொழில் செய்கிற ஒருவரிடம் ஆரம்பத்திலேயே போய் உட்காருங்கள். தப்பைத் திருத்துவது மட்டும் இல்லை, கதைக்கு வேண்டியதையும் அவர்தான் கையில் கொடுக்கிறார்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. எனக்கு நினைவு தெரிந்து மணலும் வேலிகாத்தான் முள்ளுமாகவே பார்த்த ஆறு, கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் போனது. பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, இதுதான் என் முடிவு என்று தோன்றிவிட்டது. கிழவரை வெள்ளம் கொண்டு போகட்டும். ஆறு ஆற்றையே திருப்பி எடுத்துக்கொண்டது என்று கடைசி வரிகூட மனதில் அமைந்துவிட்டது. அதே நாட்களில், 19-ஆம் தேதி, எங்கள் பேரணாம்பட்டில் மழைக்கு வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். ஊரே அழுதது. நான் அழுதுவிட்டு வந்து மறுநாள் என் வெள்ளத்தை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எனக்கு என்னவோ சொல்ல வந்திருக்கிறது, நான்தான் அதைத் துக்கம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். வெள்ளம்தான் முடிவு என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளாமல் பத்து மாதம் ஒரு பக்கம்கூட உருப்படியாக எழுதாமல் இருந்தேன்.

பணம் போன கதை இங்கே ஆரம்பிக்கிறது. 2022 செப்டம்பரில், காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிற ஒருவரின் போன் நம்பர் கிடைத்தது. பேசினேன், நன்றாகவே பேசினார். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துவிட வேண்டும், அக்டோபருக்குள் முழுப் பிரதியும் முன்பணம் 20,000 ரூபாயும் கொடுத்துவிடுங்கள் என்றார். முடிவே இல்லாத நாவலுக்கு முன்பணம் கொடுத்தேன். இரண்டு பவுன் செயினை அடகு வைத்தேன், நூற்றுக்கு ஒன்றரை வட்டி. பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் மீட்க முடிந்தது, வட்டி 3,600 ரூபாய். பதினோரு நோட்டில் இருந்ததை கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிற டி.டி.பி. சென்டரில் கொடுத்தேன், பக்கம் 25 ரூபாய், 412 பக்கம், 10,300 ரூபாய். கடைசி மூன்று அத்தியாயத்தை எழுதி முடிக்க சம்பளம் இல்லாத விடுப்பு 19 நாள், நாளுக்கு 500 என்று 9,500 ரூபாய். கூட்டினால் 43,400. இதில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஒன்று, டி.டி.பி. கொடுக்கும்போது எந்தப் போனிலும் திறந்து படிக்க முடிகிற யூனிகோடில்தான் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். எனக்குப் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். போனில் திறந்தால் ஒரு எழுத்தும் புரியவில்லை, ஒரு துணைக்கால் மாற்ற வேண்டும் என்றாலும் சென்டருக்குத்தான் போக வேண்டியிருந்தது. இரண்டாவது, அந்த 20,000-ல் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்கு என்று ஒரு தொகை போட்டிருந்தார். நம் நாட்டில் அந்த எண்ணை அரசு நிறுவனம் இலவசமாகவே தருகிறது, விண்ணப்பித்தால் போதும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தப்பு, தேதியை முன்னால் வைத்துவிட்டு முடிவைப் பின்னால் தேடியது. 19 நாளில் கிழவரை வெள்ளத்தில் விட்டேன். எழுதி முடித்த இரவு நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. களைப்பு என்று சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை யாராவது முழுதாகப் படித்தால் தேவலை என்று பட்டது. என் அத்தை குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர். எட்டாவது வரை படித்தவர், ஆனால் கை வேலையில் இருக்கும்போது எப்படிப் படிப்பார்? நான் படிக்கிறேன், நீங்கள் கேளுங்கள் என்றேன். அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து ஏழு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கு வைக்கிற நேரம் வரை. நாலரை வருடத்தில் நான் செய்த சரியான காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வாய்விட்டுப் படித்தால் எந்த வரியில் மூச்சு வாங்குகிறது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. அதைவிட, எதிரே ஒருவரின் கையைப் பார்த்துக்கொண்டே படிக்க முடிகிறது. கதை பிடித்தால் அத்தையின் கை மெதுவாகும், இலையில் தூளை வைத்தபடி நிற்கும். பிடிக்காவிட்டால் வேகம் ஏறும், முறத்தில் இருக்கிற பீடியை எடுத்து வாய்க்குள் எண்ணிக் கட்டுக் கட்ட ஆரம்பித்துவிடுவார். சிப்பாய் வந்த அறுபது பக்கமும் கட்டுக் கட்டினார். காட்பாடிக் காதலுக்கும் அதேதான். திண்ணையில் டம்ளர் இருந்த இடத்தில் கை நின்றது. நான் அதையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். நன்றாக இருக்கிறதா என்று உறவுக்காரரிடம் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள்.

ஏழாவது ஞாயிறு கிழவர் வெள்ளத்தில் போனார். நான் கடைசி வரியைப் படித்து நிமிர்ந்தேன். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “இன்னாம்மா, அந்தப் புள்ள குடுத்த தண்ணிய அவரு குடிச்சாரா இல்லியா? அதச் சொல்லாம வெள்ளத்த இட்டாந்து உட்டுட்ட?” என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எந்தத் தண்ணீர் என்றுகூட முதலில் புரியவில்லை. ஏழாம் பக்கத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். டம்ளர் அங்கேயே இருந்தது. 405 பக்கமாக அத்தை அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறார், எழுதிய எனக்கு நினைவில்லை. அன்று கடைசி பஸ்ஸில் பேரணாம்பட்டு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். மறுநாள் போன் செய்து அச்சை நிறுத்தச் சொன்னேன். பக்க வடிவமைப்பும் அட்டையும் முடிந்துவிட்டது, முன்பணம் திரும்பாது என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். வீட்டில் பெரிய சண்டை. போட்ட பணம் போனால் போகிறது, புத்தகமாவது கைக்கு வரட்டும் என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த முடிவோடு என் பெயர் போட்ட புத்தகம் அலமாரியில் இருந்தால், ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அத்தையின் கேள்விதான் காதில் விழும். முன்பணம் கட்டுகிற யாராக இருந்தாலும், கடைசிப் பக்கத்தை எழுதி ஒரு மாதம் உறையில் போட்டு வைத்து, பிறகு எடுத்துப் படித்தும் அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

முடிவை அச்சு வரைக்கும் போய் மாற்றுவது ஒன்றும் கேவலம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸ் தன் நாவல் ஒன்றின் முடிவை, நண்பரான இன்னொரு எழுத்தாளர் சொன்னதைக் கேட்டு வெளியாவதற்கு முன் மாற்றியிருக்கிறார். பழைய முடிவும் பின்னால் வெளிவந்து, எது சரியான முடிவு என்று இன்றுவரை பேசுகிறார்கள். கல்கி மூன்றரை வருடம் வாரா வாரம் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்த பிறகும், அவரவர் கதி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டதற்கு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. படிக்கிறவர்கள் எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அது என்ன என்று எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், மறந்துபோகத்தான் கூடாது.

2023 பிறந்ததும் முடிவைத் தேட ஆரம்பித்தேன். முதலில் செய்தது, முதல் முப்பது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஒருவர் மற்றவருக்குச் செய்து பாதியில் நின்றதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஒன்பது இருந்தது. டம்ளர், பேசாமல் போனது, கையெழுத்துப் போடாத மனு, இப்படி. பிறகு மூன்று முடிவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளாக எழுதினேன். வெள்ளம் ஒன்று. 1996 ஆகஸ்டில் டேனரிக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததல்லவா, அதையொட்டி நஷ்ட ஈடு கைக்கு வந்து அப்பாவும் மகனும் சமாதானம் ஆவது இரண்டு. டேனரியை மூடி மகன் ஊரைவிட்டுப் போவது மூன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதலாவதில் கடைசிக் காரியத்தைச் செய்வது ஆறு, இரண்டாவதில் கோர்ட்டு, மூன்றாவதில் முதலாளி. கிழவரும் மகனும் எதிலும் ஒன்றும் செய்யவில்லை, அவர்களுக்கு நடக்கிறது, அவ்வளவுதான். பேரணாம்பட்டு சாவுக்கு மறுநாள் எனக்கு வந்த வெட்கம் இதற்காகத்தான். எங்கேயோ நிஜமாக நடந்த துக்கத்தை, என் ஆட்கள் செய்ய வேண்டியதற்குப் பதிலாக இரவல் வாங்கிப் போட்டிருக்கிறேன். உங்களிடம் இரண்டு மூன்று முடிவு இருந்து எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், கடைசிக் காரியத்தைச் செய்வது யார்? நம் ஆள் செய்ய வேண்டும், அதைச் செய்ய அவருக்கு ஏதாவது வலிக்க வேண்டும். சோகமா சந்தோஷமா என்பதெல்லாம் பிறகு.

அப்படியானால் கிழவர் என்ன செய்வார்? மகன் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிடுவாரா? எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. குடிக்காமலே செத்துப்போவாரா? அதுவும் பொருந்தவில்லை. மே மாதம் ஒரு ஞாயிறு குடியாத்தம் போயிருந்தேன். வெயில் தாங்கவில்லை, அத்தை வாசலில் இலையை நனைத்து வைத்துக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, அந்தக் கிழவர் எதற்கு தினமும் உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை அத்தை என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வேற எதுக்கு? கிணத்துக்காரன், வர்றவங்களுக்குக் குடுக்கலாமான்னு பாப்பான்” என்றார்.

அன்றிரவே எழுதினேன். வெள்ளம் வருகிறது, ஆனால் அது கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் வந்து வடிந்துவிடுகிறது. கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிறைந்திருக்கிறது. கிழவர் வாளியை விடுகிறார், ஒரு கை அள்ளி வாயில் வைக்கிறார், இந்த முறை துப்பவில்லை. திண்ணையில் கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவி, மொண்டு, டேனரிக்குக் கிளம்பி நிற்கிற மகனிடம் நீட்டுகிறார். இரண்டரைப் பக்கம். ஒன்றரை வருடம் வராதது ஒரு ராத்திரியில் வந்தது. அதற்குப் பிறகு வேலை இன்னும் அதிகம். முடிவு தெரிந்ததும் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்தது. சிப்பாயையும் காட்பாடியையும் எடுத்தேன், மொத்தம் 140 பக்கம் போனது. நான் பயந்து தள்ளிப்போட்ட திண்ணைக் காட்சிகளை எழுதினேன். அவற்றை எழுதும்போது என் அப்பாவிடம் பேசியதுபோல் இருந்தது. வெட்டிய பக்கங்களைக் கிழிக்காமல் தனி உறையில் வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிறகு தேவைப்படாவிட்டாலும் பரவாயில்லை, பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வெட்டக் கை வரும். இந்தத் தடவை டி.டி.பி.க்குக் கொடுக்கவில்லை. போனில் வாயால் சொல்லி யூனிகோடில் ஏற்றினேன், பஸ்ஸில் திருத்தினேன், வாரம் ஒரு முறை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொண்டேன். 2024 அக்டோபரில் முடிந்தது. முன்பணம் கேட்காத ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வர வேண்டும்.

கடைசி அத்தியாயத்தை அத்தைக்குப் படித்துக் காட்டியது ஒரு மழை நாளில். டம்ளர் வந்தபோது கை நின்றது. மகன் வாங்கிக் குடிக்கிற வரை முறத்தின் மேலேயே இருந்தது. நான் தாளை மடித்தேன்.

“தண்ணியில உப்பு இருந்துச்சா?”

“இருந்தது அத்தை.”

“சொல்லாம குடிச்சானா?”

“முழுசா குடிச்சான்.”

தலையை ஆட்டிவிட்டு, ஒரு இலையை எடுத்துத் தூளை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார்.